மகன் மாலுமியான குளிர்காலம்: ஒரு தந்தையின் அனுபவக் குறிப்புகள்

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளை எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்று கேட்டால் பத்துப் பேர் வழி சொல்ல வருவார்கள். பிள்ளை கடற்படையில் சேரப்போகிறான் என்று சொன்னால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எடுத்துச் சொல்ல ஒருவரும் அகப்பட மாட்டார்கள். பல தலைமுறைகளாக இங்கே இருக்கும் குடும்பங்களில் ஒரு தாத்தாவோ மாமாவோ படையில் இருந்திருப்பார். விவரங்கள் பேச்சுவாக்கிலேயே கைமாறிவிடும். நியூ ஜெர்சியில் நாங்கள் பழகும் வட்டத்தில் எங்களுக்கு முதலில் கிடைத்தது, "ஏன், படிப்பு சரியாக வரவில்லையா?" என்ற கேள்விதான். அதற்கு விளக்கம் கொடுப்பதைச் சீக்கிரமே நிறுத்திக்கொண்டோம். எங்களுக்குப் பின்னால் இந்த வழியில் வரும் குடும்பத்துக்கு உதவக்கூடியவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். பெற்றோர் எல்லாரும் பயிற்சி நிறைவு அணிவகுப்பைத்தான் பெரிதாக எதிர்பார்க்கிறோம். ஆனால் நம்முடைய உழைப்பு தேவைப்படுவது பிள்ளை கிளம்புவதற்கு முன்பும், அந்த அணிவகுப்பு முடிந்த பிறகு வரும் மாதங்களிலும்தான் என்பது என் அனுபவம்.

முதலில் தகுதி. படையில் சாதாரண மாலுமியாகச் சேர அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்க வேண்டும். பெற்றோரின் எச்–1பி விசாவைச் சார்ந்து எச்–4 இல் இருக்கும் பிள்ளைகள், எத்தனை ஆண்டு இங்கே படித்திருந்தாலும், சேர முடியாது. 17 வயதில் சேருவதென்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். ஆஸ்வாப் என்ற தேர்வின் மதிப்பெண், மருத்துவப் பரிசோதனை, கடற்படையில் அந்த நேரத்தில் இருக்கும் காலியிடங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் பிள்ளைக்கு எந்த வேலை கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஆள்சேர்ப்பு அலுவலர் வாய்மொழியாகச் சொல்வது எவ்வளவு இனிமையாக இருந்தாலும், ஒப்பந்தத் தாளில் எழுதியிருப்பதுதான் செல்லும். என் மகன் பின்னாளில் மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு கார்ப்ஸ்மேன் என்னும் மருத்துவப் பணியாளர் வேலையைக் கேட்டான். அந்த வேலையின் பெயர் தாளில் ஏறும் வரை கையெழுத்துப் போட வேண்டாம் என்பது மட்டுமே நான் அவனுக்குச் சொன்ன யோசனை.

பின்னணிச் சரிபார்ப்புக்கான எஸ்.எஃப்–86 படிவத்தை நிரப்பும்போது நம்மைப் போன்ற குடும்பங்களுக்குக் கூடுதல் வேலை உண்டு. பெற்றோர், உடன்பிறந்தோர் பற்றிய விவரங்களோடு, தொடர்ந்து நெருங்கிய தொடர்பில் இருக்கும் வெளிநாட்டினரையும் அதில் காட்ட வேண்டும். வாரந்தோறும் பேசும் ஆச்சியும் அத்தையும் அந்தக் கணக்கில் வருவார்கள். போன வெளிநாட்டுப் பயணங்களும் குடியிருந்த முகவரிகளும் வரிசையாக வேண்டும். திருநெல்வேலிக்குத் தொலைபேசியில் பேசி, பள்ளிச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதி, ஆதாரில் வேறொரு தேதி என்றெல்லாம் ஒப்பிட்டு முடிக்க எங்களுக்குப் பல மாலைகள் ஆயின. எதையும் மறைக்கத் தேவையில்லை. விடுபட்டுப் போவதுதான் பின்னால் தொல்லை. இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது: வெளிநாட்டுப் படைகளில் பணியாற்றுபவர்களுக்கும் அவற்றிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வழங்கப்படுவதில்லை என்பது இந்திய அரசின் விதி. ஏற்கெனவே அட்டை வைத்திருக்கும் பிள்ளையாக இருந்தால், சேருவதற்கு முன்பே குடியேற்றச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிட வேண்டும்.

நீச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடற்படைப் பயிற்சியில் 10 அடி உயர மேடையிலிருந்து தண்ணீரில் குதித்து, 50 கெஜம் நீந்தி, 5 நிமிடம் குப்புற மிதந்து காட்டினால்தான் மேலே போக முடியும். நீந்தத் தெரியாதவர்களுக்கு அங்கேயே கற்றுத் தருகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் மற்றவர்கள் ஓய்வெடுக்கும் நேரத்தில் இவர்கள் குளத்துக்குப் போக வேண்டியிருக்கும். வீட்டுக்கு அருகிலுள்ள ஒய்.எம்.சி.ஏ. குளத்தில் கோடைக்காலம் முழுவதும் பழகியது என் மகனுக்கு மிகவும் கைகொடுத்தது. கிளம்பும் முன் அவனுடைய வங்கிக் கணக்கு, கார் காப்பீடு, வருமான வரி ஆகியவற்றை நாங்கள் கவனித்துக்கொள்ள வசதியாக ஓர் அதிகாரப் பத்திரமும் எழுதி வாங்கிக்கொண்டோம். முக்கியமான தொலைபேசி எண்களையும் முகவரிகளையும் ஒரு தாளில் கையால் எழுதிக் கொடுத்தோம். அம்மாவின் எண்ணைக்கூட மனப்பாடமாகச் சொல்லத் தெரியாத தலைமுறை இது.

மிச்சிகன் ஏரிக்கரையில், சிகாகோவுக்கு வடக்கே இல்லினாய் மாநிலத்தில் இருக்கும் கிரேட் லேக்ஸ் தளம் 1911 இல் திறக்கப்பட்டது. சான் டியேகோவிலும் ஆர்லாண்டோவிலும் இருந்த பயிற்சி மையங்கள் 1990களில் மூடப்பட்ட பிறகு, கடற்படையில் சாதாரண மாலுமியாகச் சேரும் எவரும் இந்த ஒரே இடத்துக்குத்தான் வந்தாக வேண்டும். பயிற்சிக் காலம் நெடுநாள் 8 வாரமாக இருந்தது. 2022 இல் அதை 10 வாரமாக நீட்டினார்கள். 2025 தொடக்கத்திலிருந்து 9 வாரம். என் மகன் போனது 10 வார முறை நடந்த குளிர்காலத்தில். பிள்ளைகள் தங்கும் கட்டடங்களைக் கப்பல் என்றே அழைக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்க்கப்பலின் பெயர். ஏறக்குறைய 80, 90 பேர் கொண்ட டிவிஷன்களாகப் பிரித்து, தோளில் சிவப்புக் கயிறு அணிந்த பயிற்றுநர்களிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள்.

போய்ச் சேர்ந்த இரவே ஓர் அழைப்பு வரும். எழுதிக் கொடுத்ததை வாசிக்கும் அழைப்பு அது. பத்திரமாக வந்துவிட்டேன், பிறகு தொடர்புகொள்கிறேன் என்ற அளவில், நாம் ஒரு கேள்வி கேட்பதற்குள் முடிந்துவிடும். அந்தக் குரல் இயந்திரம் போல் ஒலித்ததைக் கேட்டு என் மனைவி இரவெல்லாம் தூங்கவில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் ஒலிக்கிறது. பின்னால் நிற்கும் வரிசையும், பயிற்றுநரின் அவசரமும், தூக்கமின்மையும் சேர்ந்த குரல் அது. அதன் பிறகு வரும் நெடிய மௌனமும் பயிற்சியின் ஒரு பகுதிதான். ஏதோ நேர்ந்துவிட்டது என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். முகவரியும் டிவிஷன் எண்ணும் அணிவகுப்புத் தேதியும் பின்னர் அஞ்சலில் வரும்.

அங்கே யாரையும் முதற்பெயரால் அழைப்பதில்லை. நம்மில் பலர் வீட்டில் இருப்பதுபோலப் பிள்ளையின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தந்தையின் பெயர் இருப்பதால், என் மகனின் சீருடையிலும் துணிகளிலும் பதிந்திருந்தது என் பெயர். ஆக, நாள் முழுவதும் பயிற்றுநர்கள் உரக்கக் கூப்பிட்டு ஏசியது என்னைத்தான் என்று அவன் பிறகு சொல்லிச் சிரித்தான். இதில் நடைமுறைச் செய்தி ஒன்றும் இருக்கிறது. கடிதங்களை அந்தப் பெயரை வைத்துத்தான் பிரிக்கிறார்கள் என்பதால், உறவினர் ஒவ்வொருவரும் தமக்குப் பழகிய எழுத்துக்கூட்டலில் எழுதாமல், ஒரே முகவரியை அச்சிட்டு எல்லாருக்கும் கொடுத்துவிடுவது நல்லது.

கடிதம் எழுதுவதை நம் வீடுகளில் எப்போதோ மறந்துவிட்டோம். கடிதத்தைப் படம் எடுத்தால் அச்சிட்டு அனுப்பிவைக்கும் செயலிகளும் இருக்கின்றன. அவசரத்துக்கு அவை உதவும். ஆனால் கையெழுத்தில் வந்த தாளைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்ததாக மகன் சொன்னான். அலங்காரம் இல்லாத வெள்ளை உறை போதும். தின்பண்டம் எதையும் வைக்கக் கூடாது. பட்டப்பெயர்களை உறையின் மேல் எழுதினால் பிள்ளைதான் எல்லார் முன்னிலையிலும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். என்ன எழுதுவது என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. 'உன்னை நினைத்து ஏங்குகிறோம்' என்று பக்கம் பக்கமாக எழுதினால், படித்துவிட்டு அவன் யாரிடம் போய் அழுவான் என்பது என் கட்சி. ஆகவே வீட்டின் அன்றாடத்தை எழுதினோம்: கொல்லைப்புறத்தில் கருவேப்பிலைச் செடி குளிருக்கு இலை உதிர்த்தது, பக்கத்து வீட்டு நாய் அஞ்சல்காரரைத் துரத்தியது, தங்கை கார் ஓட்டப் பழகுவது. திருநெல்வேலியிலிருந்து ஆச்சி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதை என் மனைவி, அவனால் படிக்க முடியும்படி ஆங்கில எழுத்துகளில், ஆனால் ஆச்சியின் பேச்சு மாறாமல் எழுதி அனுப்பினாள். அந்தத் தாளைப் படுக்கைக்கு அடியில் இருந்த பெட்டியில் பயிற்சி முடியும் வரை வைத்திருந்தானாம்.

நடுவில் அவனுக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்த பிள்ளைகள் குளிர்காலத்தில் ஒரே கூடத்தில் தூங்கும்போது, இருமலும் காய்ச்சலும் ஒருவரையும் விட்டுவைப்பதில்லை. அங்கே அதற்கு 'ரிக்கி க்ரட்' என்று பட்டப்பெயரே உண்டு. மகனுக்கு அது நெஞ்சுச் சளியாகி, பயிற்சி நாட்கள் தவறிப்போயின. அவனைப் பின்னால் வரும் டிவிஷன் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். இதை 'ஆஸ்மோ' என்கிறார்கள். நீச்சலில் தவறினாலும், உடல்தகுதித் தேர்வில் ஓட்டத்தில் பின்தங்கினாலும், காலெலும்பில் கீறல் விழுந்தாலும் இது நடக்கலாம். பிள்ளைக்கு அதில் பெரிய அவமானம். அதுவரை கூடவே இருந்த தோழர்கள் முன்னே போய்விட, முகம் தெரியாதவர்களுக்கு நடுவே புதிதாகத் தொடங்க வேண்டும். நாம் அதைத் தோல்வியாகப் பேசாமல், தேதி மாறியது என்ற அளவில் எடுத்துக்கொள்வது அவனுக்கு வலு. அணிவகுப்புத் தேதியும் அதோடு தள்ளிப்போகும். ஏற்கெனவே மகளைப் படைக்கு அனுப்பியிருந்த என் அலுவலக நண்பர் ஒருவர் எச்சரித்திருந்ததால், பணம் திரும்பக் கிடைக்கும் விமானச் சீட்டையும் ரத்து செய்யக்கூடிய விடுதி அறையையும்தான் எடுத்திருந்தோம். டிவிஷன் எண் மாறியதால் எங்கள் கடிதங்கள் பழைய இடத்துக்குப் போய்ச் சுற்றி வந்து சேரத் தாமதமாயிற்று. அவன் தனித்திருந்த வாரத்தில் கடிதமும் இல்லாமல் போனதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அதே மாதத்தில் ஊரில் என் தந்தையார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தேர்வு எழுதும் பிள்ளையிடம் வீட்டுத் துக்கத்தைச் சொல்லாமல் மறைப்பது நமக்குப் பழகிய வழக்கம். அவசரச் செய்தியைப் பயிற்சியில் இருப்பவருக்குச் சேர்க்க அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அவர்கள் மருத்துவமனையிடம் கேட்டு உறுதிசெய்த பிறகே செய்தி அதிகாரிகளிடம் போகும். பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த தேதி, டிவிஷன் முகவரி ஆகியவற்றை எழுதிக் கையருகே வைத்திருக்க வேண்டும். செய்தி போவது வேறு, விடுப்புக் கிடைப்பது வேறு: தாய், தந்தை, உடன்பிறந்தோர், மனைவி, மக்கள் ஆகியோர்தான் நெருங்கிய குடும்பம் என்று எண்ணப்படுகிறார்கள், பெற்றோர் இடத்திலிருந்து வளர்த்தவராக இருந்தாலன்றித் தாத்தா பாட்டிக்காக அவசர விடுப்பை எதிர்பார்க்க முடியாது. தந்தையார் தேறி வந்ததால் செஞ்சிலுவைச் சங்கம் வரை போகவில்லை. ஆனால் நடந்ததை மறைக்காமல் அடுத்த கடிதத்திலேயே எழுதிவிட்டேன். மறைத்திருந்தால், அதன் பின் வந்த நல்ல செய்திகளை அவன் எப்படி நம்பியிருப்பான்?

பயிற்சியின் கடைசிக் கட்டம் 'பேட்டில் ஸ்டேஷன்ஸ்' எனப்படும் 12 மணி நேர இரவுத் தேர்வு. டிரேயர் என்ற பெயரில், 210 அடி நீளத்தில், போர்க்கப்பலின் மாதிரி ஒன்றைக் கட்டடத்துக்குள்ளேயே தண்ணீரின் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். உண்மையான கப்பல்களில் நேர்ந்த தாக்குதல்களிலிருந்தும் விபத்துகளிலிருந்தும் கற்ற பாடங்களைக் கொண்டு, தீயணைப்பது, பெருகி வரும் நீரை அடைப்பது, காயமுற்றவரைத் தூக்கிச் செல்வது என்று இரவு முழுவதும் சோதிக்கிறார்கள். விடியலில் 'ரெக்ரூட்' என்று எழுதிய தொப்பியைக் கழற்றி 'நேவி' என்று எழுதிய தொப்பியை அணிகிறார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்கு அழைக்க வாய்ப்புக் கிடைக்கும். எந்த நேரத்தில் வரும் என்று சொல்ல முடியாது. தெரியாத எண் என்று ஒதுக்காமல் எடுக்க வேண்டும். எங்களுக்கு அந்த அழைப்பு வந்தபோது அவனுக்குப் பேசக் குரலே இல்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

'பாஸ் இன் ரிவ்யூ' என்னும் அணிவகுப்புக்கு விருந்தினர் எண்ணிக்கையில் வரம்பு உண்டு; பிள்ளை கொடுத்த பட்டியலில் பெயர் இல்லாதவர் வாயிலைத் தாண்ட முடியாது. பட்டியலில் உள்ள பெயரும் கையிலுள்ள அடையாள அட்டையும் ஒத்திருக்க வேண்டும் என்பது நம்மவர்களுக்குச் சிக்கல் தரக்கூடியது. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள இந்தியக் கடவுச்சீட்டோடு இந்நாட்டுக்கு வந்தவர்களின் அட்டைகளில், முதற்பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கமான எஃப்.என்.யூ. என்று ஒரு முதற்பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். என் மனைவியின் அட்டையும் அப்படிப்பட்டதுதான். அட்டையில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் முன்பே கடிதத்தில் எழுதி அனுப்பியதால் சிரமம் இல்லாமல் நுழைந்தோம். சிகாகோ ஓஹேர் விமான நிலையத்திலிருந்து காரில் போகலாம்; சிகாகோவிலிருந்து மெட்ரா ரயில் தளத்தின் வாசலுக்கு அருகிலேயே நிற்கிறது. கர்னி, வாக்கீகன் ஆகிய ஊர்களில் விடுதிகள் நிறைய உண்டு. விடியற்காலையிலேயே வரிசையில் நின்றுவிடுவது நல்லது. ஏரிக் காற்று எலும்பு வரை குத்தும் என்பதால், பட்டுப்புடவை கட்ட விரும்புபவர்களும் அதன் மேல் கனமான கோட்டுக்கு இடம் வைத்துக்கொள்ள வேண்டும்.

விழாவைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அது நேரலையிலும் வருகிறது. உயர்ந்த கூடம், கொடிகள், இசைக்குழு, ஒரே சீருடையில் நூற்றுக்கணக்கானோர். மொட்டைத் தலைகளுக்கு நடுவே நம் பிள்ளையைக் கண்டுபிடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். விடுமுறை அறிவித்தவுடன் கூட்டம் கீழே பாய்கிறது. அன்று கிடைப்பது சில மணி நேர வெளியனுமதிதான். சீருடையைக் கழற்றக் கூடாது, மது கூடாது, குறித்த நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். நாங்கள் அரோராவில் இருக்கும் பாலாஜி கோயிலுக்குப் போகலாம் என்று திட்டமிட்டிருந்தோம்; அவனோ விடுதி அறைக்குப் போய்க் காலணியைக் கழற்றிவிட்டுத் தூங்கினால் போதும் என்றான். அவன் அம்மா கொண்டுவந்திருந்த புளியோதரையை நின்றபடியே நாலைந்து நிமிடத்தில் உண்டு முடித்து, படுத்துவிட்டான். அந்த நாளில் உறவினர், நண்பர் என்று யாரையும் சந்திக்க ஏற்பாடு செய்யாமல் விட்டது நல்லதாயிற்று. எந்தப் பெற்றோர் கேட்டாலும் இதையே சொல்வேன்: அன்றைய நாளைப் பிள்ளையின் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள்.

பூட் கேம்ப் எனப்படும் இந்த அடிப்படைப் பயிற்சி முடிந்ததும் சில வாரம் வீட்டுக்கு வருவான் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக அப்படி இல்லை. அணிவகுப்பு முடிந்து சில நாட்களுக்குள்ளேயே அடுத்த பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். 'ஏ ஸ்கூல்' என்னும் அந்தத் தொழிற்பள்ளி வேலையைப் பொறுத்து வெவ்வேறு ஊர்களில் இருக்கிறது: விமானப் பிரிவுக்குப் ஃபுளோரிடாவின் பென்சகோலா, அணுசக்திப் பிரிவுக்குத் தென் கரோலினாவின் கூஸ் க்ரீக், கப்பல் இயந்திரப் பிரிவுகள் பலவற்றுக்குக் கிரேட் லேக்ஸிலேயே சாலைக்கு அந்தப்பக்கம். கார்ப்ஸ்மேன்களுக்கு டெக்சாஸில் சான் அன்டோனியோ. தரைப்படை, விமானப்படைப் பிள்ளைகளும் அதே வளாகத்தில்தான் மருத்துவப் பணி கற்கிறார்கள்.

எங்கள் மகன் தடுமாறியது இங்கேதான். கிரேட் லேக்ஸில் ஒவ்வொரு நிமிடத்தையும் யாரோ ஒருவர் முடிவுசெய்தார். கூடவே ஒரு டிவிஷனே இருந்தது. இங்கே வந்ததும் நண்பர்கள் ஆளுக்கொரு ஊராகப் பிரிந்துவிட்டார்கள், கைபேசி எந்நேரமும் கையில், மாலையில் தனிமை, இரவில் காவல் முறை, காலையில் உடற்கூறியல் வகுப்பு. பாடத்தில் தவறினால் பின்னால் வரும் வகுப்புக்குத் தள்ளுவார்கள். மீண்டும் தவறினால் அந்த வேலையே கைநழுவி, கடற்படை கொடுக்கும் வேறு வேலைக்குப் போக நேரலாம். முதல் சில வாரம் நாளுக்கு இரண்டு முறை அழைத்தான், நாங்கள் மகிழ்ந்தோம். பிறகு அழைப்பு நின்றபோதுதான் கவலைப்பட்டிருக்க வேண்டியது எந்தக் காலத்துக்கு என்று புரிந்தது. பூட் கேம்பின் மௌனம் விதி விதித்தது. இந்த மௌனம் அவனாக எடுத்துக்கொண்டது. வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு மாலை, எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேசுவது என்று வைத்துக்கொண்டோம். "சாப்பிட்டியா, தூங்கினியா" என்பதற்கு எப்போதும் "ம்" என்றே பதில் வரும் என்பதால், என்ன படித்தான் என்று கேட்டு அதை எனக்கு விளக்கச் சொன்னேன். ரத்தக் குழாயில் ஊசி ஏற்றுவது எப்படி என்று அவன் சொல்லச் சொல்ல, பேச்சு தானாக மற்றவற்றுக்கும் போயிற்று. அங்கே பாதிரியார்களும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்ப்பது எந்த மதத்தவருக்கும் இழுக்கல்ல என்பதையும் நம் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பணத்தைப் பற்றிப் பேச இதுவே சமயம். மாதத்தின் 1ஆம் தேதியும் 15ஆம் தேதியும் சம்பளம் வருகிறது. உணவும் தங்குமிடமும் இலவசம். 19 வயதில் செலவழிக்க வழி தெரியாத பணம். படைத்தளங்களைச் சுற்றிலும் கார் விற்பவர்கள் இந்தப் பிள்ளைகளுக்காகவே காத்திருக்கிறார்கள். பள்ளி முடிந்து பணியிடம் தெரியும் வரை கார் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம், ஒப்புக்கொண்டான். ஓய்வூதியச் சேமிப்பான டி.எஸ்.பி.யில் சம்பளத்தின் 5 சதவீதத்தைத் தானாகவே பிடிக்கிறார்கள். பணியில் இரண்டு ஆண்டு முடிந்ததும் அரசின் பங்கும் மொத்தம் 5 சதவீதம் வரை சேரும் என்பதால், அதைக் குறைத்துவிடாமல் இருப்பது நல்லது. 5,00,000 டாலர் ஆயுள் காப்பீட்டுக்கு வாரிசாக எங்கள் பெயர்களைப் போட்டிருப்பதாக அவன் சாதாரணமாகச் சொன்னபோது, தொலைபேசியின் இந்தப் பக்கம் இருவருக்கும் பேச்சு வரவில்லை. அதையும் ஒரு படிவமாகவே எடுத்துக்கொள்ளப் பழக வேண்டும்.

கடற்படையோடு சேர்ந்து இயங்கும் மரைன் படைக்கெனத் தனி மருத்துவப் பணியாளர்கள் கிடையாது. கடற்படைக் கார்ப்ஸ்மேன்கள்தான் அவர்களோடு களத்துக்குப் போகிறார்கள் என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. கப்பலைப் பார்க்கப்போகிறான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்த பிள்ளைக்கு, பள்ளி முடிவில் கலிஃபோர்னியாவின் கேம்ப் பெண்டில்டனில் களமருத்துவப் பயிற்சிக்கு ஆணை வந்தது. இப்போது மூட்டையைச் சுமந்து மலையேறிக்கொண்டிருக்கிறான். மாதத்துக்கு இரண்டரை நாளாகச் சேரும் விடுப்பை வைத்துத் திருநெல்வேலிக்குப் போய்வர ஆசைப்படுகிறான். வெளிநாட்டுப் பயணத்துக்கு மேலதிகாரியின் ஒப்புதல் முதலில் வேண்டும். இந்திய விசா விண்ணப்பத்திலும் படையில் பணிபுரிகிறீர்களா என்ற கேள்வி இருக்கிறது, அதற்குப் பதவியும் பிரிவும் குறிப்பிட்டு உண்மையாகவே பதில் எழுத வேண்டும். ஒப்புதல் இன்னும் வரவில்லை. அது வரும் வரை ஆச்சியிடம் தேதி எதுவும் சொல்ல வேண்டாம் என்று அவனே எங்களிடம் சொல்லியிருக்கிறான்.